ஆண்டவன் பலமும் அடியான் பலவீனமும்

“நான் ஒன்றுக்கும் ஆகாதவன்; என்னால் என்ன ஆகும்? ஆனாலும் ஆண்டவன் கூப்பிட்டுவிட்டால் அவன் பலத்தைக் கொண்டு எல்லாம் ஆகும். ஆகையால் யோசிக்காதே, கீழ்ப்படி” என்கின்ற உபதேசம் ஒன்று நம் நாட்டில் மதவித்தியாசமில்லாமல் எல்லா மேடைகளிலும் நடந்து வருகின்றது. காலட்சேபம் செய்கின்றவர்களும், பாதிரிமார்களும், ஆசிரமத்துச் சுவாமிகளும் வேறு எந்த விஷயத்தில் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாவிட்டாலும், இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் ஒரே குரலில் பேசுகின்றார்கள். திருவண்ணாமலையைப் போன்ற ஊரிலோ கேட்கவேண்டியதே இல்லை. பவுர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் பதினான்கு கிலோமீட்டர் தூரம் மலையைச் சுற்றி வருகின்றார்கள். கால் கொப்பளிக்க நடந்து முடித்துவிட்டு, “நானா நடந்தேன்? அவனல்லவா நடத்தினான்!” என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறுகின்றார்கள். வலித்தது தன் கால். புகழ் மாத்திரம் மற்றொருவருக்கு!

இப்படிச் சொல்லுகின்ற பாமர மக்களைப் பரிகாசம் செய்வதற்காக நாம் இதை எழுதவில்லை. பெரிய காரியத்தின் முன் நிற்கும் மனிதனுக்கு மனம் நடுங்குவது இயற்கை. “நம்மால் ஆகுமா?” என்கின்ற சந்தேகம் யோக்கியமான மனிதனுக்கே அதிகமாக வரும், அயோக்கியனுக்கு அது வருவதே இல்லை. அப்படி நடுங்குகின்ற நேரத்தில் “உனக்குத் துணை இருக்கின்றது” என்று யாராவது சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று கணக்குப் பார்க்கவேண்டாமா? ஒரு சாமான் வாங்கினால்கூட நாலு கடை ஏறி விலை விசாரிக்கின்ற நாம், நம்முடைய பலம் முழுவதையும் எழுதிக்கொடுத்துவிடுகின்ற இந்த வியாபாரத்தில் மாத்திரம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. ஆகவே மூன்று கேள்விகளை இங்கு கேட்கின்றோம். காரியம் நடப்பது யாருடைய பலத்தால்? கீழ்ப்படி என்று கூப்பிடுவது யார்? நீ ஆகாதவன் என்று தீர்மானித்தது யார்?

முதலாவது, யாருடைய பலம் என்பதைப் பார்ப்போம். இவ்வூர்க் கோயிலைப் பற்றி வழங்கும் கதைகளில் அருணகிரிநாதர் கதை முக்கியமானது. அவர் கெட்ட வழியில் நடந்து, பிறகு மனம் வெறுத்துக் கோபுரத்தின் மேலிருந்து கீழே விழுந்ததாகவும், முருகன் தாங்கிப் பிடித்து, “பாடு” என்று கட்டளையிட்டதாகவும், “எனக்கு என்ன தெரியும்?” என்று அவர் தயங்கியபோது முதலடியையும் அவனே எடுத்துக்கொடுத்ததாகவும் சொல்லுகின்றார்கள். தகுதியில்லாதவனை ஆண்டவன் கூப்பிட்டால் தகுதியையும் அவனே கொடுப்பான் என்பதற்கு இதை அத்தாட்சியாகக் காட்டுகின்றார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுவோம். அந்தப் பாட்டுகள் பதினாறாயிரம் என்பது பக்தர்கள் கணக்கு. இன்று கையில் இருப்பவை சுமார் 1,300 தான். மற்றவை எங்கே? ஏட்டில் கிடந்து கரையானுக்கும் செல்லுக்கும் இரையாயின. முதலடி எடுத்துக்கொடுத்த முருகன், கரையான் வாயிலிருந்து கடைசி ஏட்டைப் பிடுங்கிக்கொடுக்க வரவில்லை. கிடைத்தவையாவது எப்படிக் கிடைத்தன? கோர்ட்டு உத்தியோகத்தில் இருந்து ஜில்லா முன்சீப்பாக உயர்ந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்பவர் பல ஆண்டுகள் ஊர் ஊராக ஏடு தேடிச் சேர்த்து, 1894-ம் வருஷத்தில் முதல் பாகமும் 1901-ம் வருஷத்தில் இரண்டாம் பாகமும் அச்சிட்டதனாலேயே கிடைத்தன. அவர் பெரிய முருக பக்தர். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஏட்டைத் தேடியது அவருடைய கால். படித்தது அவருடைய கண். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தது தொழிலாளியின் விரல். பாட்டைப் பாடுகின்றவர்கள் கோபுரக் கதையைச் சொல்லுகின்றார்களே ஒழிய, ஏடு தேடிய முன்சீப்பின் பெயரை எத்தனை பேர் சொல்லுகின்றார்கள்?

கார்த்திகைத் தீபத்தையே எடுத்துக்கொள்ளுவோம். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சிக்குக் கொப்பரை தானாக ஏறுவதில்லை. ஆட்கள் தோள் கொடுத்துச் சுமந்து ஏற்றுகின்றார்கள். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், திரிக்கு வேண்டிய துணியும் மனிதன் முதுகிலேயே ஏறுகின்றன. பருவதராஜ குலத்தார் என்று சொல்லப்படும் உழைப்பாளி மக்களே அந்தத் தீபத்தை ஏற்றுகின்றார்கள். கீழே நிற்கும் கூட்டம் “ஜோதி தோன்றியது” என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகின்றது. தோன்றிய ஜோதியைப் பார்த்தவர்கள், மூச்சு வாங்க ஏறிய தோள்களைப் பார்த்தார்களா என்று கேட்கின்றோம்.

அன்றியும், 2024-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி புயல் மழையில் இதே மலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடி, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அந்தத் துக்கத்தின் மேல் நின்றுகொண்டு வேதாந்தம் பேசுவது மனிதத்தன்மையல்ல, நாமும் பேசமாட்டோம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். மண்ணைத் தோண்டியது மீட்புப் படையினரின் கை. மலை இனியும் சரியுமா என்று பார்த்துச் சொல்ல வந்தவர்கள் நிலவியல் நிபுணர்கள். பதின்மூன்றாம் தேதி தீபத்தன்று பொதுஜனங்கள் மலை ஏறக்கூடாது என்று தடுத்தது சர்க்கார். மலையே சிவன் என்று நம்புகின்றவர்கள்கூட அந்தத் தடையை ஒப்புக்கொண்டார்கள். அது நல்ல காரியம்; புத்தியுள்ள காரியம். ஆபத்து வந்த இடத்தில் எல்லோரும் மனிதனுடைய அறிவையே நம்புகின்றோம். ஆபத்து நீங்கின பிறகுதான் அந்த அறிவுக்குக் கிடைக்கவேண்டிய நன்றியை வேறு விலாசத்துக்கு அனுப்புகின்றோம்.

நிற்க, இவ்வூரில் இன்னொரு உபதேசமும் பிரசித்தம். 1896-ம் வருஷம் பதினாறு வயதுப் பையனாக இங்கு வந்து, 1950-ம் வருஷம் மறையும் வரையில் இவ்வூரைவிட்டுப் போகாத ரமணர், ரயிலில் ஏறினவன் தன் மூட்டையையும் தலையில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படவேண்டும், கீழே வைத்தால் அதையும் ரயிலே சுமக்குமே என்ற உவமானத்தைச் சொல்லி, பாரத்தைக் கடவுளிடம் விட்டுவிடும்படி போதித்தார். உவமானம் அழகானதுதான். ஆனால் அது யாருக்குப் பொருந்தும்? டிக்கட் வாங்கி உட்கார இடமும் கிடைத்தவனுக்கே பொருந்தும். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பிறத்தியார் மூட்டையைத் தலையில் சுமந்து நிற்கின்றானே கூலிக்காரன், அவனிடம் போய் “அப்பா, பாரத்தை இறக்கிவிடு, ரயில் சுமக்கும்” என்று சொன்னால் அவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியுமா? அவன் தலையில் இருப்பது அவன் மூட்டையல்லவே! அவனுக்கு வேண்டியது பாரத்தை விடுகின்ற மனப்பக்குவமா? அல்லது, “என் தலையில் இந்தப் பாரத்தை வைத்தது யார், இதற்குச் சரியான கூலி என்ன?” என்று கேட்கின்ற தைரியமா?

மேலும், ரயிலே மனிதன் செய்ததல்லவா? தண்டவாளம் போட்டவன் மனிதன். கரி அள்ளிப் போட்டவன் மனிதன். ரமணரும் வழியில் கையில் காசு போதாமல், கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கி, டிக்கட் எடுத்துத்தான் இவ்வூர் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் அவருடைய கையில் கட்டி உண்டானபோது, பக்தர்கள் பாரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. டாக்டர்களை அழைத்து 1949-ம் வருஷத்தில் பல தடவை ரண சிகிச்சை செய்வித்தார்கள். அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. அன்புள்ளவர்கள் செய்யவேண்டிய காரியத்தையே செய்தார்கள். நாம் சொல்லுவதெல்லாம், தனக்கு வேண்டியவருக்கு நோவு வந்தால் டாக்டரையும், ஏழைக்கு நோவு வந்தால் கடவுளையும் காட்டாதீர்கள் என்பதுதான்.

இரண்டாவது, கூப்பிடுவது யார் என்கின்ற கேள்வி. இதுவரையில் கடவுள் எந்த மனிதனையும் நாலு பேர் கேட்கும்படி நேரில் கூப்பிட்டதாக நாம் அறிந்ததில்லை. எப்பொழுதும் ஒரு மனிதன் வாய் வழியாகவோ, மனிதன் எழுதிய புஸ்தகத்தின் வழியாகவோதான் அந்தக் கட்டளை வருகின்றது. ஆகையால் “கடவுளுக்குக் கீழ்ப்படி” என்பதற்கு, நடைமுறையில், “கடவுளின் பேரால் பேசுகின்றவனுக்குக் கீழ்ப்படி” என்றுதான் அர்த்தம். கீதையில் அருச்சுனன் வில்லைக் கீழே போட்டது பலம் இல்லாததனால் அல்ல. சொந்தக்காரர்களைக் கொல்ல மனம் வராததனால். அவனுக்குச் சொல்லப்பட்ட சமாதானம் என்ன? நீ வெறும் கருவி, செய்கின்றவன் நான், ஆகையால் எழுந்து யுத்தம் செய் என்பதே. பலம் நம்முடையதல்ல என்று ஒப்புக்கொண்டவுடன், பழியும் நம்முடையதல்ல என்று ஆகிவிடுகின்றதல்லவா? ஐரோப்பாவில் முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் சிப்பாய்களின் இடைவார் வில்லையில் “கடவுள் நம்மோடு” என்று பொறித்திருந்தது. எதிர்ப்பக்கத்து இங்கிலீஷ்காரர்களும் அதே கடவுளிடம் தங்கள் தேவாலயங்களில் ஜெயத்துக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்கள். லட்சக்கணக்கில் செத்தவர்கள் மாத்திரம் மனிதர்கள். ஆகவே, தன் பலத்தை மறந்து கீழ்ப்படிகின்றவன் சாதுவாகவே இருப்பான் என்று யாரும் எண்ண வேண்டாம். அவனைக் கொண்டு எந்தக் காரியத்தையும் செய்வித்துவிடலாம்.

மூன்றாவது கேள்விதான் நம் நாட்டுக்கு மிகவும் அவசியமானது. நீ தகுதியற்றவன் என்று தீர்மானித்தது யார்? ஒரு பணக்காரன் “நான் பாவி, ஒன்றுக்கும் ஆகாதவன்” என்று கோயிலில் அழுதுவிட்டு வெளியே வந்தால், வாசலில் எல்லோரும் அவனுக்கு வழிவிடுவார்கள். அவனுடைய தாழ்மை உள்ளே இருக்கும்மட்டுந்தான். ஆனால் ஒரு ஆதிதிராவிடத் தோழன் “நான் ஆகாதவன்” என்று சொன்னால், “ஆமாம்” என்று ஊரே தலையாட்டும். அவனாக அதைச் சொல்லவில்லை. பிறந்த நாள் முதல் அவனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கப்பட்டதையே அவன் திருப்பிச் சொல்லுகின்றான். நந்தன் கதை என்ன? பக்தியில் அவனுக்கு யாரும் இணையில்லை என்று பெரிய புராணமே ஒப்புக்கொள்ளுகின்றது. அப்படியிருந்தும் சிதம்பரத்தில் உள்ளே போகவேண்டுமானால் நெருப்பில் இறங்கி வேறு உருவம் எடுத்துக்கொண்டு வா என்று உத்தரவாயிற்று. அவனும் கீழ்ப்படிந்தான். அதைக் கேட்டு இன்றும் கண்ணீர் விடுகின்றார்கள். நெருப்பில் இறங்கவேண்டியது உள்ளே விட மறுத்தவர்களுடைய மனமா, நந்தனுடைய உடம்பா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்தக் கதை பழைய கதை என்று யாரும் தள்ளிவிட முடியாது. திருவண்ணாமலைக் கோபுரத்துக்கு வெகுதூரத்தில் இல்லாத தண்டராம்பட்டுப் பக்கத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் சுமார் எண்பது வருஷகாலம் கால் வைக்க முடியாமல் இருந்தது. அது யாருடைய வீட்டுச் சொந்தக் கோயிலும் அல்ல. சர்க்காரின் அறநிலைய இலாகாவுக்கு உட்பட்ட கோயில். சென்னை மாகாணத்தில் கோயில் பிரவேசச் சட்டம் 1947-ம் வருஷத்திலேயே வந்துவிட்டது. தீண்டாமை ஒழிந்தது என்று 1950-ம் வருஷத்தில் அரசியல் சட்டமும் சொல்லிவிட்டது. ஆனாலும் தென்முடியனூர்க் கதவு 2023-ம் வருஷம் ஜனவரி மாதம் 30-ந் தேதிதான் திறந்தது. அன்று ஜில்லா கலெக்டரும், போலீஸ் சூப்பரின்டெண்டும் முன்நிற்க, நூற்றுக்கணக்கான போலீசார் காவல் இருக்க, இருநூறு முந்நூறு ஆதிதிராவிட மக்கள் ஆணும் பெண்ணுமாக உள்ளே சென்று கும்பிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இதே ஜில்லாவில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் போலீஸ் காவலோடு அவ்விதமே நடந்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது என்ன? உள்ளே போனவர்கள் நம்மைப்போல் பகுத்தறிவு பேசுகின்றவர்கள் அல்ல, பக்தர்கள். “அம்மன் கூப்பிட்டாள், அவளே தைரியம் கொடுத்தாள்” என்று அவர்களில் எவரேனும் சொன்னால் அவரோடு நாம் சண்டைக்குப் போகமாட்டோம். ஆனால் அன்போடு ஒன்று கேட்போம். எண்பது வருஷமும் அதே அம்மன் அங்கேயேதான் இருந்தாள். அந்த எண்பது வருஷமும் உங்கள் பாட்டனும் பாட்டியும் அவளை வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அவர்கள் பக்தியில் குறைவா? இல்லையே! அப்படியானால் 2023-ம் வருஷத்தில் புதிதாக வந்தது என்ன? அம்மனுடைய பலம் கூடவில்லை. “எங்களுக்கும் உரிமை உண்டு” என்று கேட்ட உங்களுடைய வாய் புதிது. அதிகாரிகளைக் கேட்கவைத்த உங்கள் ஒற்றுமை புதிது. எதிரே கூட்டம் நிற்பது தெரிந்தும், நாளைக்கு இந்த ஊரிலேயே வேலைக்கும் கடைக்கும் போகவேண்டுமே என்பது தெரிந்தும், வாசற்படியைத் தாண்டிய உங்கள் கால் புதிது. அந்தக் கால் உங்களுடையது, அம்மா! அதை வேறு யாருக்கும் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.

“சட்டமும் போலீசும் இல்லாவிட்டால் நடந்திருக்குமா?” என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்காது. ஆனால் சட்டம் மாத்திரம் இருந்தால் போதுமா? 1947 முதல் 2023 வரையில் எழுபத்தாறு வருஷம் சட்டம் புஸ்தகத்தில் தூங்கிக்கொண்டுதானே இருந்தது? தட்டி எழுப்பினவர்கள் மனிதர்கள். ஆகையால் கடவுள் இருந்த இடத்தில் கலெக்டரை வைத்துக் கும்பிடும்படியும் நாம் சொல்லவில்லை. கலெக்டர் இன்றைக்கு வருவார், நாளைக்கு மாறிப்போவார். போலீஸ் வண்டி சாயங்காலம் திரும்பிவிடும். மறுநாள் காலையில் அந்த ஊரில் இருக்கப்போகின்றவர்கள் ஊர் ஜனங்களே. அவர்கள் மனம் மாறுகின்றவரையில் வேலை முடியவில்லை.

“கடவுளே இல்லை என்கின்ற உங்களுக்குக் கோயிலுக்குள் யார் போனால் என்ன, போகாவிட்டால் என்ன?” என்று இன்னும் சில புத்திசாலிகள் கேட்பார்கள். கோயிலில் இருப்பது கல்லா கடவுளா என்பது வேறு சங்கதி. வாசலில் தடுத்து நிறுத்தப்படுகின்றவன் மனிதன் என்பதில் சந்தேகம் இல்லையே! நமக்குக் கள்ளு வேண்டாம் என்பதற்காக, ஒருவனை ஜாதியின் பேரால் தெருவில் நடக்கவிடாமல் தடுத்தால், அந்தத் தெருவில் கள்ளுக்கடை இருக்கின்றது என்று சொல்லிச் சும்மா இருப்போமா? உள்ளே போகலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது அவனுடைய புத்தி. போகக்கூடாது என்று தடுப்பது பிறருடைய திமிர். அந்தத் திமிரை எதிர்ப்பதே நம் வேலை.

கடைசியாக ஒரு வார்த்தை. யூதர்களின் வேதத்தில் மோசே என்பவருடைய கதை இருக்கின்றது. எகிப்தில் அடிமைப்பட்ட ஜனங்களை மீட்டுவா என்று கடவுள் கட்டளையிட்டபோது, தமக்குச் சரளமாகப் பேச வராது, வாய் திக்கும் என்று அவர் மறுத்தாராம். உபதேசிகள் இந்தக் கதையை அடிக்கடி சொல்லுகின்றார்கள். ஆனால் அதில் கவனிக்கத்தக்க இடத்தை விட்டுவிடுகின்றார்கள். அந்தக் கதைப்படியேகூட அவருடைய திக்குவாய் கடைசியில் எப்படிச் சமாளிக்கப்பட்டது? நன்றாகப் பேசத்தெரிந்த அவருடைய அண்ணன் ஆரோனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டதனால்! ஒருவனுக்கு இல்லாத நாக்கு அவன் சகோதரனுக்கு இருந்தது. இதற்கு மேல் நாம் சொல்லவேண்டியது என்ன இருக்கின்றது?

தோழர்களே! பெரிய காரியம் எதிரே வரும்போது “என்னால் ஆகாது” என்று தோன்றினால், உடனே மேலே பார்க்காதீர்கள். எது இல்லாததனால் ஆகாது என்று விசாரியுங்கள். படிப்பு இல்லை என்றால், படிக்கலாம், படித்தவனைக் கேட்கலாம். பணம் இல்லை என்றால், பத்துப் பேர் சேர்ந்தால் பணம் உண்டு. சட்டம் தெரியாது என்றால், தெரிந்த வக்கீல் இருக்கின்றார். தைரியம் இல்லை என்றால், பக்கத்தில் நிற்க ஒரு ஆள் கிடைத்தாலே பாதித் தைரியம் வந்துவிடும். இருநூறு பேர் நின்றால் எண்பது வருஷத்துக் கதவு திறக்கும் என்பதை இந்த ஜில்லாவிலேயே பார்த்துவிட்டோம். ஒரு மனிதனுடைய பலவீனத்துக்கு மருந்து மற்ற மனிதனுடைய பலமே. மேலே இருப்பதாகச் சொல்லப்படும் பலம், இவ்வளவு காலமாக நாம் கீழேயிருந்து அனுப்பிவைத்த பலந்தான். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

மலையைச் சுற்றி வந்த மக்களிடமும் நாம் கேட்டுக்கொள்ளுவது இவ்வளவே. அடுத்த பவுர்ணமிக்கு நடந்து முடித்த பிறகு, கால் வலி எடுக்கும்போது, “நடந்தது நான்தான்” என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். பதினான்கு கிலோமீட்டர் நடக்கின்ற கால், தென்முடியனூர் வாசற்படியைப்போல் இன்னும் எத்தனை வாசற்படிகளைத் தாண்டக்கூடும் என்பது அப்பொழுது உங்களுக்கே விளங்கும்.